வீட்டு வரி ஏறாமல் பேட்டைக்கு ஒரு ஸ்கேட்டிங் தளம்: கடலூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

காலை ஐந்தரை மணிக்கு சில்வர் பீச் சாலையில் போய் நின்றால் முதலில் சக்கரச் சத்தம்தான் கேட்கும். பிள்ளைகள் பிறகுதான் கண்ணில் படுவார்கள். ஆறரைக்குள் ஓடி முடித்துவிட வேண்டும், அதற்குமேல் வண்டிகள் வந்துவிடும். என் மகள் அப்படித்தான் மூன்று வருடம் ஓடினாள். டார்ச்சோடு சாலையோரம் நின்று, வெளிச்சம் தெரிந்தால் "ஓரம் வா" என்று குரல் கொடுப்பது என் வேலை.

2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்கேட்டிங் 3000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் நம் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் வெண்கலம் வாங்கின. இரண்டு அணியிலும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். 2025 செப்டம்பரில் சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் சீனாவில் நடந்த உலகப் போட்டியில் 1000 மீட்டரில் தங்கமே வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு மஞ்சக்குப்பத்திலும் செம்மண்டலத்திலும் எத்தனையோ பெற்றோர் என்னிடம் கேட்கிற ஒரே கேள்வி: "நம்ம பேட்டையில ஒரு தளம் போட என்னங்க பண்ணணும்?" அடுத்த மூச்சிலேயே அவர்களே பதிலும் சொல்லிக்கொள்வார்கள்: "அதுக்கெல்லாம் வரியைத்தான் ஏத்துவாங்க."

வரியை ஏற்ற வேண்டியதில்லை. 2022 ஏப்ரலில்தான் சொத்து வரியை வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 முதல் 100 விழுக்காடு வரை உயர்த்தினார்கள். ஓட்டு வீட்டில் ஓய்வூதியத்தில் வாழும் ஒரு தாத்தா, தன் வீட்டில் ஸ்கேட் பண்ண ஒரு பிள்ளையும் இல்லாதபோது, இன்னொரு முறை ஏன் கூடுதலாகக் கட்ட வேண்டும்? அந்த நியாயத்தை ஒப்புக்கொண்டுதான் நாங்கள் வேலையைத் தொடங்கினோம். ஓர் உதவிபெறும் பள்ளியின் மைதானத்து மூலையில் இன்று ஒரு தளம் இருக்கிறது. அதைக் கட்டும்போது நாங்கள் கற்றதையும், தெரியாமல் வீணாக்கிய மாதங்களையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஐஸா, சிமெண்டா?

புதிதாக வருகிறவர்களில் பத்துக்கு இரண்டு பேராவது ஐஸ் தளம் கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் அனுப்பும் வீடியோக்களைப் பார்த்த ஆசை அது. அந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். கணக்கை மட்டும் பார்த்துவிடுவோம்.

பன்னாட்டு அளவிலான ஐஸ் தளம் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதாவது 1800 சதுர மீட்டர். தரைக்கு அடியில் குழாய்களைப் பின்னி, அவற்றில் குளிர்ந்த உப்புநீர்க் கரைசலை ஓட்டி, மேலே ஓரிரு அங்குலத் தடிமனில் ஐஸை உறையவைப்பார்கள். ஐஸின் மேற்பரப்பு சுழியத்துக்குக் கீழே நாலைந்து டிகிரியில் நிற்க வேண்டும். விளையாட ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரவும் பகலும் கம்ப்ரசர் ஓடும். கடலூரின் கடற்காற்றில் வெக்கையோடு ஈரமும் உண்டு. அந்த ஈரத்தைப் பிரித்தெடுக்கத் தனி இயந்திரம் ஓடாவிட்டால் கூரையிலிருந்து சொட்டும், தளத்தின்மேல் மூட்டம் கட்டும்.

இமயமலை அடிவாரத்து டேராடூனிலேயே பாருங்கள். 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டிய ஐஸ் அரங்கம், போட்டி முடிந்தபின் நடத்தும் செலவைத் தாங்க முடியாமல் பத்து வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தது. 2025இல்தான் மறுபடி உயிர் பெற்றது. சிம்லாவின் தளமோ 1920இலிருந்து இருக்கிறது. காரணம், அங்கே மலைக் குளிர் செலவில்லாமல் ஐஸைத் தருகிறது.

நம் ஊருக்கு ஏற்றது சக்கர ஸ்கேட்டிங். வழுவழுப்பான கான்கிரீட் தளம், சுற்றிலும் கைப்பிடிக் கம்பி, நான்கு விளக்குக் கம்பம் போதும். ஐஸ் காலணி மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால், பாலிஎத்திலீன் பலகைகளை இணைத்துப் போடும் செயற்கை ஐஸ் இருக்கிறது; அதற்குக் குளிர்பதனம் தேவையில்லை. நிஜ ஐஸ் போல வழுக்காது என்றாலும் அடிப்படைப் பயிற்சிக்கு உதவும். ஆனால் முதல் தளமாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஐஸ் அரங்கங்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது வேறொன்று. கனடாவிலும் அமெரிக்காவிலும் சிறு ஊர்கள் வரி ஏற்றாமல் அரங்கம் கட்டும்போது முதலில் விற்பது மணி நேரத்தை. எந்தப் பள்ளி, எந்தக் கிளப், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன வாடகை என்று எழுதி வாங்கிக்கொண்டு, அந்த ஒப்பந்தங்களைக் காட்டித்தான் கடனும் நன்கொடையும் திரட்டுவார்கள். சுற்றுப் பலகையில் விளம்பரம், அரங்கத்துக்கு நன்கொடையாளர் பெயர் எல்லாம் அதற்கு மேல் வருபவை. அந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாதக் கணக்கு

கட்டும் காசு ஒருமுறைதான். அதைக் கொடுக்க எம்.எல்.ஏ. வருவார், கம்பெனி வரும், கல்வெட்டில் பெயர் போட்டால் வள்ளல்கள் வருவார்கள். மூன்றாம் வருடம் ஜூன் மாதத்து மின்கட்டணத்தைக் கட்ட யாரும் வர மாட்டார்கள். நம் மாவட்டத்தில் திறப்புவிழாக் கல்வெட்டு பளபளக்க, கதவு துருப்பிடித்துக் கிடக்கும் உடற்பயிற்சிக் கூடங்களைப் பார்க்காதவர் யார்?

அதனால் எந்த அலுவலகத்துக்கும் போவதற்கு முன், ஒரு நோட்டில் இரண்டு பக்கம் எழுதுங்கள். இடப்பக்கம் மாதச் செலவு: காவலர் சம்பளம், துப்புரவு, மின்கட்டணம், தண்ணீர், முதலுதவிப் பெட்டி, ஆடிட்டர் செலவில் பன்னிரண்டில் ஒரு பங்கு, விரிசல் அடைக்கும் நிதி. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். கான்கிரீட்டின் இணைப்புகளில் சக்கரம் ஏறி ஏறி விளிம்பு உடையும், அரை அங்குலப் பள்ளம் ஒரு பிள்ளையின் மணிக்கட்டை முறித்துவிடும்.

வலப்பக்கம் வருமானம். ஒரு கணக்குக்காக மாதச் செலவு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு மாதம் 500 ரூபாய் என்றால் 60 பிள்ளைகள் வேண்டும். 40 பேர்தான் வருவார்கள் என்றால் மீதி 10,000 எங்கிருந்து? பள்ளி நேரத்தில் ஒரு தனியார் பள்ளி வாரம் இரண்டு வகுப்பு எடுத்துக்கொள்ளலாம். கைப்பிடிச் சுவரில் நான்கு விளம்பரப் பலகை வைக்கலாம். இவற்றை "வரும்" என்று எழுதாதீர்கள், எழுதி வாங்குங்கள். தளமே இல்லாதபோது யார் எழுதித் தருவார்கள் என்று நாங்களும் நினைத்தோம். மூன்று பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் தங்கள் லெட்டர்ஹெட்டில், தளம் வந்தால் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் எடுத்துக்கொள்கிறோம் என்று கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். எங்கள் கோப்பில் அந்த மூன்று தாள்களைப் போல வேலை செய்தது வேறெதுவும் இல்லை.

இரண்டு பக்கமும் சமப்படாவிட்டால் தளத்தைச் சிறிதாக்குங்கள். கூரையை விட்டுவிடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த ஊரின் தகரக் கூரைகளை என்ன செய்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். புயல் காற்றைத் தாங்கும் இரும்புக் கூரை பல தளங்களின் செலவை ஒன்றே விழுங்கிவிடும். முதலில் தரை, பிறகு விளக்கு, பல வருடம் கழித்துக் கூரை.

நிலம்

பணத்தைவிட இதுதான் கடினம். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதை வைத்தே எந்த நிதி வரும், எது வராது என்பது முடிவாகும்.

மாநகராட்சி நிலம் என்றால் மாமன்றத் தீர்மானம் வேண்டும். கடலூர் 2021இல் மாநகராட்சியானது. உங்கள் வார்டு கவுன்சிலர்தான் முதல் படி. மனைப் பிரிவுகளில் பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்கிய திறந்தவெளி இடம் பல நகர்களில் முள் மண்டிக் கிடக்கிறது. உங்கள் நகரின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். எந்தப் புறம்போக்காக இருந்தாலும் வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான ஏ-பதிவேட்டில் வகைப்பாட்டைப் பாருங்கள். ஏரி, குளம், வாய்க்கால் என்று இருந்தால் இன்று அது காய்ந்து கிடந்தாலும் திரும்பிப் பார்க்காதீர்கள்.

கடற்கரைப் பக்கம் ஆசைப்படுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். அதற்குள் தனி அனுமதி இல்லாமல் கட்டுமானம் கூடாது. அலை ஏறி இறங்கும் ஆற்று முகத்துவாரங்களின் கரைக்கும் இந்த விதி நீளும்.

அரசுப் பள்ளி மைதானம் என்றால் நன்கொடை கொடுக்க 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற வழி இருக்கிறது. உதவிபெறும் பள்ளி என்றால் நிர்வாகத்தோடு ஒப்பந்தம். நாங்கள் அந்த வழியில்தான் போனோம். ஒப்பந்தத்தில் பள்ளி நேரத்துக்கு முன்னும் பின்னும் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு என்று தெளிவாக எழுதுங்கள், நிர்வாகம் மாறினாலும் அது கட்டுப்படுத்தும்படி எழுதுங்கள்.

ஒரு சின்ன வேலை, எந்தப் பொறியாளரும் தானாகச் சொல்ல மாட்டார்: அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் 2015 வெள்ளத்திலும், 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை திறந்து பெண்ணையாறு பெருகியபோதும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். "இந்த ஜன்னல் வரைக்கும்ப்பா" என்று கையை வைத்துக் காட்டுவார்கள். அந்தக் கைக்குக் கீழே தளம் போடாதீர்கள். கெடிலத்துக்கும் பெண்ணையாற்றுக்கும் நடுவில் வாழும் ஊர் இது.

சங்கம்

தனி ஆளாகப் பணம் வாங்காதீர்கள், ஒரு ரூபாய்கூட. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்கம் பதியலாம். அந்த ஏழு பேரில் ஒருவர் கணக்கு எழுதத் தெரிந்தவர், ஒருவர் பொறியாளர், இரண்டு பேராவது பெண்கள். பயிற்சி நேரத்தில் மைதானத்தில் நிற்கப்போவது பெரும்பாலும் அம்மாக்கள்தான். குடிதண்ணீரும் கழிப்பறைக் கதவும் அவர்கள் கேட்டால்தான் திட்டத்தில் வரும். கட்சிப் பொறுப்பில் இருப்பவரைத் தலைவராக்காதீர்கள். ஆட்சி எது வந்தாலும் போய் நிற்க வேண்டிய சங்கம் இது.

பதிந்த உடனே வங்கிக் கணக்கு, பான் எண், பிறகு வருமான வரித் துறையில் அறநிறுவனப் பதிவு. சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு தருவது 12ஏபி, நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை தருவது 80ஜி என்று ஆடிட்டர்கள் சொல்வார்கள்; இரண்டும் கையில் இருந்தால்தான் பெரிய நன்கொடையாளர் பேச்சுக்கே வருவார். வருடா வருடம் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இதை விட்டு முடங்கிப்போன சங்கங்கள் ஏராளம்.

பணம் வரும் வழிகள்

நமக்கு நாமே திட்டம்தான் என் கணிப்பில் முதல் கதவு. 1997இல் தொடங்கி, இடையில் நின்று, 2021-22இல் மீண்டும் வந்தது. கணக்கு எளிது: மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கையாவது மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடும். 30 லட்சம் மதிப்பீடு என்றால் நீங்கள் 10 லட்சம் திரட்ட வேண்டும். அதைத் தனியாரும் தரலாம், நிறுவனமும் தரலாம்.

இதை எப்படி நகர்த்துவது? எதை, எங்கே, எத்தனை பேருக்காக என்று மாநகராட்சி ஆணையருக்கு ஒரு மனு. கூடவே நில ஆவணம், சங்கத் தீர்மானம், பள்ளிகளின் கடிதங்கள். மாநகராட்சிப் பொறியாளர் இடம் பார்த்து எஸ்டிமேட் போடுவார். அவரோடு நீங்களும் போங்கள். ஸ்கேட்டிங் தளம் என்றால் எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்காதீர்கள். சாதாரணச் சிமெண்ட் தரைக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. ட்ரிமிக்ஸ் முறையில் தண்ணீரை உறிஞ்சி இறுக்கி, இயந்திரத்தால் தேய்த்த தளம் வேண்டும் என்பது எஸ்டிமேட்டிலேயே வர வேண்டும். துடைப்பக் கோடு இழுத்த சொரசொரப்பான தளமாகப் போட்டுவிட்டால் சக்கரமும் தேயும், முட்டியும் தேயும். மழை நீர் ஒரு பக்கமாக ஓட லேசான சரிவும் வேண்டும். எங்களுக்கு எஸ்டிமேட் வந்தபோது அதில் 'மேடை' என்று இருந்தது. திருத்தி வாங்க நான்கு மாதம்.

பங்களிப்புத் தொகையை டி.டி.யாகவோ காசோலையாகவோ உள்ளாட்சியின் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். பிறகு நிர்வாக ஒப்புதல், டெண்டர், வேலை. இடையில் வாரம் ஒருமுறை போய் விசாரிப்பவர் ஒருவரே இருக்கட்டும். ஏழு பேர் ஏழு விதமாகக் கேட்டால் கோப்பு நகராது.

எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி, எம்.பி. நிதி 5 கோடி. மக்களவை உறுப்பினர் ஒருவரோடு நின்றுவிடாதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து மாநிலங்களவைக்குப் போயிருக்கும் 18 பேரும் மாநிலத்தின் எந்த மாவட்டத்துக்கும் வேலை பரிந்துரைக்கலாம். இது தெரியாமல் பலர் ஒரே வாசலில் வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். பரிந்துரைப்பது மட்டும்தான் அவர்கள் வேலை. பணத்தை ஒதுக்கி வேலையை நடத்துவது மாவட்ட நிர்வாகம். எனவே பரிந்துரைக் கடிதம் கிடைத்ததும் வெடி வெடிக்க வேண்டாம். அதன் நகலோடு ஆட்சியர் அலுவலகம் போங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவுக்கு எண் கிடைக்கும். அந்த எண் பின்னால் உதவும்.

ஒரே வேலைக்கு இரண்டு அரசு நிதியைக் கலக்காதீர்கள், தணிக்கையில் சிக்கல் வரும். வேலையையே உடையுங்கள். தரை ஒரு நிதியில், விளக்கும் கழிப்பறையும் இன்னொரு நிதியில், காலணிகளும் பயிற்சியாளரும் மூன்றாவது வழியில். ஒவ்வொன்றுக்கும் தனி எஸ்டிமேட், தனிக் கோப்பு.

அந்த மூன்றாவது வழிதான் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, சிஎஸ்ஆர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாற்றம் அடைகிறார்கள்.

2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடியோ, விற்றுவரவு 1000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நம் மாவட்டத்தில் நெய்வேலியில் என்.எல்.சி. இருக்கிறது, கடலூர் சிப்காட்டில் தொழிற்சாலைகள் இருக்கின்றன, நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை இருக்கிறது. அவர்களிடம் கேட்பது பிச்சை இல்லை. சட்டம் காட்டும் கணக்கில் நம் ஊருக்கு ஓர் இடம் கேட்கிறோம்.

சட்டத்தின் பட்டியலில் 'விளையாட்டு அரங்கம்' என்ற சொல் இல்லை. கிராமிய விளையாட்டு, தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டு, பாராலிம்பிக், ஒலிம்பிக் விளையாட்டு ஆகியவற்றை வளர்க்கும் பயிற்சி என்றுதான் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் பயிற்சி முன்னால் நிற்கட்டும்: எத்தனை பிள்ளைகள், யார் பயிற்சியாளர், எத்தனை மாதம். தளம் அதற்கான இடம் என்ற அளவில் வரட்டும்.

இனிமேல்தான் முக்கியம். 2021 ஏப்ரலிலிருந்து சிஎஸ்ஆர் பணம் வாங்கும் அமைப்பு மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் மூலம் பதிந்திருக்க வேண்டும். அதோடு, நம்மைப் போன்ற தனிச் சங்கத்துக்கு அதே மாதிரிப் பணியில் குறைந்தது மூன்று வருட அனுபவமும் வேண்டும். நேற்று பதிந்த சங்கத்துக்கு எவ்வளவு நல்ல மனம் படைத்த கம்பெனியும் நேரடியாகக் கொடுக்க முடியாது.

எங்கள் முதல் கடிதம் பத்துப் பக்கம். பதக்கப் படங்கள், பிள்ளைகளின் சிரித்த முகங்கள் எல்லாம் ஒட்டியிருந்தோம். அந்த நிறுவனத்து அதிகாரி அலைபேசியில் இரண்டே கேள்வி கேட்டார்: "நிலம் யார் பேர்ல இருக்கு? மூணு வருஷ ஆடிட் கணக்கு இருக்கா?" இரண்டுக்கும் எங்களிடம் பதில் இல்லை. மரியாதையாகத்தான் பேசினார். ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்று வருடம் காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். ஏற்கெனவே அந்தத் தகுதி உள்ள பழைய அறக்கட்டளை ஒன்றோடு சேரலாம். ரோட்டரி, லயன்ஸ் போன்ற அமைப்புகளின் அறக்கட்டளைகளை விசாரியுங்கள். அல்லது கம்பெனி தன் பணத்தை அரசு அமைப்பின் வழியாகத் தரட்டும். தமிழ்நாடு அரசே 2023இல் விளையாட்டுக்காகத் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையைத் தொடங்கியிருக்கிறது. கட்டிய சொத்து கம்பெனி பெயரில் இருக்கக் கூடாது என்பதும் விதி. பொது அமைப்பு, பதிந்த அறக்கட்டளை, சங்கம் போன்றவற்றின் பெயரில்தான் இருக்க வேண்டும்.

கடிதம் ஒரே பக்கம். நிலம், மதிப்பீடு, மற்ற நிதிகள் எவ்வளவு வந்தாயிற்று, இவர்களிடம் கேட்பது எந்தத் துண்டு, மாதக் கணக்கை யார் தாங்குவார்கள். கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் அவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஜனவரிக்குள் கடிதம் அவர்கள் மேசையில் இருக்கட்டும்.

மாவட்ட விளையாட்டு அலுவலரையும் ஒருமுறை பாருங்கள். தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், ஒவ்வொன்றும் 3 கோடியில் என்று அரசு அறிவித்த திட்டம் ஒன்று உண்டு. உங்கள் தொகுதிக்கு அது வருகிறதென்றால், அதன் வரைபடத்தில் ஸ்கேட்டிங் தளத்தையும் சேர்க்கச் சொல்லிக் கேட்பது புதிதாகக் கட்டுவதைவிடச் சுலபம்.

ஊர்ப் பணம்

அந்த மூன்றில் ஒரு பங்கு எங்கிருந்து வரும்? நம் ஊர்களில் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போட்டு வசூலிக்கும் வழக்கம் எல்லோருக்கும் பழக்கம். அதே முறையை இங்கே கொண்டுவராதீர்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று விதித்தால் அது இன்னொரு வரி. கொடுக்காதவர் வீட்டுப் பிள்ளை தளத்துக்கு வரக் கூசும்.

அதற்குப் பதில் மொய் நோட்டின் நேர்மையை எடுத்துக்கொள்ளுங்கள். யார், எவ்வளவு, எந்தத் தேதி. ஐம்பது ரூபாய் ஆனாலும் பெயர் இருக்கும். நாங்கள் அந்த நோட்டை மாதாமாதம் நகல் எடுத்து, பள்ளி வாசல் தகவல் பலகையில் ஒட்டினோம். தளத்தைச் சதுர அடிகளாகப் பிரித்து, "பத்துச் சதுர அடி என் பங்கு" என்று கேட்டதற்கு நல்ல பலன் இருந்தது. பூ விற்கும் ஓர் அக்கா ஒரு சதுர அடிக்கான பணத்தை மூன்று தவணையில் கொடுத்தார். தளம் போட்ட அன்று தன் அடி எது என்று கேட்டு, போய்ப் பார்த்து, தொட்டுவிட்டுப் போனார்.

ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேல் என்றால் கொடுப்பவருக்கு 80ஜி வரிச் சலுகை கிடைக்காது. வங்கி வழியாகவே வாங்குங்கள். புதிய வரி முறையில் இருப்பவருக்கு அந்தச் சலுகையே இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் மிகுந்த கவனம் வேண்டும். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் ரத்த உறவாகவே இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் தனிப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்கு மூன்று வருடப் பழைய சங்கமாக இருக்க வேண்டும். புதுச்சேரிப் பக்கம் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய. அன்போடு அவர்கள் நீட்டும் பணத்தை, பாஸ்போர்ட்டைக் கேட்காமல் வாங்கிவிடாதீர்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேட்டே ஆக வேண்டும்.

காலம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் தளம் ஊற்றாதீர்கள். ஜனவரி பிற்பகுதியிலிருந்து ஜூன் வரை நல்ல காலம். ஆனால் சித்திரை வெயிலில் ஊற்றினால் குறைந்தது பத்து நாள் ஈரச் சாக்குப் போட்டு, தண்ணீர் காயாமல் பார்க்க ஆள் வேண்டும். ஒப்பந்ததாரரை மட்டும் நம்பாமல் பெற்றோர்கள் முறை வைத்துத் தண்ணீர் விட்டோம்.

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் புதிய ஒப்புதல்கள் நின்றுவிடும். கோப்பு பாதியில் இருந்தால் முடிவு வரும்வரை காத்திருப்புதான். தேர்தல் ஆண்டில் உங்கள் திட்டத்தில் மூன்று மாதம் கூடுதலாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

கன்னியக்கோயில் எல்லையைத் தாண்டி, பாகூர் பக்கமிருந்து படிப்பவர்களுக்கு: நமக்கு நாமே உள்ளிட்ட தமிழ்நாட்டுத் திட்டங்கள் உங்களுக்குக் கிடையாது. எம்.பி.க்களும் மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர்தான். எம்.பி. நிதியும் சிஎஸ்ஆரும் ஊர்ப் பணமும் உங்களுக்கும் உண்டு. மாதக் கணக்கு நோட்டு மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே.

கதவு திறந்த பிறகு

பொதுப் பணத்தில் கட்டிய தளத்தில் கட்டணம் வாங்கினால், கட்ட முடியாத பிள்ளைக்கு ஒரு நேரம் இருந்தே ஆக வேண்டும். எங்கள் தளத்தில் ஞாயிறு மாலை ஐந்து முதல் ஆறு வரை யார் வேண்டுமானாலும் வரலாம். பல அளவுகளில் பன்னிரண்டு ஜோடி காலணியும் தலைக்கவசமும் சங்கம் வைத்திருக்கிறது, வரிசையில் நின்று மாற்றி மாற்றி மாட்டிக்கொள்வார்கள். சோனாங்குப்பத்திலிருந்து படகு ஏறி வரும் அண்ணன் தம்பி இருவர் ஒரு ஜோடியை ஆளுக்கு ஒரு காலாக மாட்டி முதல் நாள் ஓடினார்கள். இன்று சின்னவன் வார நாள் வகுப்பில் இருக்கிறான். அவனுக்கான கட்டணத்தை ஒரு பள்ளி தன் மணி நேர வாடகையோடு சேர்த்துக் கொடுக்கிறது.

அந்த ஞாயிறு ஒரு மணி நேரத்துக்கும் விளக்கு எரியும், காவலர் நிற்பார். அதன் செலவை "சமாளித்துக்கொள்ளலாம்" என்று விடாமல், நோட்டின் இடப்பக்கத்தில் முதல் நாளே எழுதிவிடுங்கள்.